பதினொன்று பத்துக்கு வரும் காற்று

தரையிலிருந்து இருபத்திரண்டு மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் ஒரு மனிதன் தன் தலையை இரும்புச் சட்டத்தில் மோதிக்கொண்டிருக்கிறான் என்பது கீழே வேலை பார்த்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. இல்லை, தப்பு. ஒருவருக்குத் தெரியும். அவருக்கும் பாதிதான் தெரியும்.

அந்த மனிதனுக்கு வேலைத்தளத்தில் வைத்த பெயர் ஆகாசம். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் இறங்குவான். சாப்பாடும் தண்ணீரும் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போகும். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. ஒரு தடவை கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் தரையில் கிடந்தபோது, வீட்டில் எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டான். தட்டை எடுத்து வைத்தால் குற்றம், வைக்காவிட்டால் குற்றம். மறுபடி கூண்டில் ஏறிய அன்றுதான் குடும்பமே நிம்மதியாக மூச்சு விட்டது. தொழிலில் ஆளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு டன் கம்பிக்கட்டைத் தூக்கி வந்து, பக்கத்தில் வைத்திருக்கிற டீ டம்ளர் ஆடாமல் இறக்குவான். வேறு கிரேன்காரர்கள் இதைக் கேட்டால் கதை விடாதே என்பார்கள். விடவில்லை, நடந்ததுதான்.

பாதி தெரிந்த அந்த ஒருவர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். சிக்னல்காரர். கையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வலது, இன்னும் கொஞ்சம், நில்லு, மெதுவா இறக்கு" என்று கீழேயிருந்து சொல்கிறவர். கொக்கி எங்கே இறங்குகிறதோ அங்கேதான் அவரும் நிற்பார். மேலே இருப்பவனுக்கு அவர் கண், கீழே நிற்பவருக்கு இவன் கை. அந்தக் கை நடுங்கினால் முதலில் நசுங்குகிற ஆள் மச்சான்தான். இதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

தினமும் பதினொன்று பத்துக்கு வாக்கி டாக்கி கரகரக்கும்.

"காத்து ஏறுது மச்சான்."

"ஏறட்டும் மாப்ளே. கொக்கிய மேல இழுத்துக்க. கைய அது போக்குல விட்டுடு."

காற்று ஓர் அளவுக்கு மேல் வீசினால் கிரேனை நிறுத்தியே ஆகவேண்டும், அது சட்டம். நீண்ட இரும்புக் கையைப் பூட்டாமல் விட்டால் காற்று போகிற பக்கம் தானே திரும்பிக்கொள்ளும். காற்றுமானி மேலே இருக்கிறது. அளவைப் படித்துச் சொல்பவன் ஆகாசம். அதை நேரத்தோடு பதிவேட்டில் எழுதுகிறவர் மச்சான். "11.10. காற்று அதிகம். நிறுத்தம்." பிறகு, "11.50. சரி. தொடக்கம்." கம்பி கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வியர்வை வழிந்துகொண்டிருக்கும், ஓர் இலை அசையாது. "மேல அடிக்குமா இருக்கும்" என்று ஒருவன் சொல்வான். ஓய்வு கிடைக்கிறது, யாருக்குக் கசக்கும்? நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மேலே அடித்தது காற்று இல்லை.

முதலில் வலது மூக்கு அடைக்கும். அடுத்து வலது கண்ணில் தண்ணீர் கட்டும். இடது பக்கம் ஒன்றுமே இருக்காது. இடது பாதி வேறு யாருடைய தலையோ போலச் சும்மா இருக்கும், அதுதான் எரிச்சல். இரண்டு நிமிஷத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒருவன் ஏறி உட்கார்ந்து, கட்டை விரலால் கண்ணை வெளியே தள்ள ஆரம்பிப்பான். தள்ளுவான், தள்ளுவான், விடமாட்டான். பொட்டு, தாடை, மேல் பல் வரிசை என்று அந்தப் பக்கம் முழுக்கப் பழுக்கக் காய்ச்சிய கம்பியாகிவிடும். தலைவலி வந்தால் மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இவனால் படுக்க முடியாது, உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. நாலடிக்கு ஐந்தடிக் கூண்டில் எங்கே போவது? வாக்கி டாக்கியை அணைப்பான். துண்டை வாயில் திணித்துக்கொள்வான். பிறகு முட்டி போட்டு, வலது பொட்டை இரும்புச் சட்டத்தில் மோதுவான். அந்த வலி இந்த வலியைவிட எவ்வளவோ தேவலை. கதவைத் திறந்து ஓர் எட்டு வெளியே வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். தோன்றியதைச் செய்துவிடாமலிருக்க, கதவுக் கைப்பிடியைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தான். நாற்பது நிமிஷம். பிறகு யாரோ குழாயை மூடியதுபோல நின்றுவிடும். முகத்தைக் கழுவிக்கொண்டு, "காத்து இறங்கிடுச்சு மச்சான்" என்பான்.

வலிக்குக் காரணம் தேடாமல் இல்லை. தேடித்தேடித்தான் இந்த நிலைமைக்கு வந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை வந்தபோது, மேல் பல் வரிசை வலிக்கிறதே என்று பல் டாக்டரிடம் போனான். அவர் வாயைத் திறக்கச் சொன்னார், கடைவாய்ப் பல்லைக் கைகாட்டினார், பிடுங்கினார். அடுத்த வாரமே வலி போயிற்று! ஆகாசம் அந்தப் பல் டாக்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னான். பத்து மாதம் கழித்து, அதே பக்கம், அதே நேரம், வலி திரும்பி வந்தது. பல் மட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது வருஷம் மூக்கு டாக்டர். சைனஸ் என்றார், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்றார், அறுவை செய்தார். வலி போயிற்று, அடுத்த வருஷம் வந்தது. மூன்றாவது வருஷம் கண்ணாடி மாற்றினான். போயிற்று, வந்தது. உண்மை என்னவென்றால், அந்த வலி வருஷத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தன் பாட்டில் கிளம்பிப் போகிற ஜாதி. போகிற சமயத்தில் யார் கையில் மாட்டினானோ அவருக்குப் பேர் கிடைத்தது, அவ்வளவுதான். இதெல்லாம் இப்போது நமக்குத் தெரிகிறது. அவனுக்கு யார் சொல்வது? வேலைத்தளத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நாள் முழுக்கக் கீழே குனிந்து பார்ப்பதால் கழுத்து நரம்பு என்றான் வெல்டர். வாயு என்றான் எலக்ட்ரீஷியன். அவனுக்கு உலகத்தில் எல்லா நோயும் வாயுதான். வலது கண்ணாடிச் சன்னல் வழியாக வெயில் அடிக்கிறது என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, ஆகாசம் சன்னலுக்குக் காகிதம்கூட ஒட்டினான்.

டாக்டர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர்கள் கேட்டார்கள், இவன் சொல்லவில்லை.

"எப்பெப்ப வருது?"

"எப்பவாவது வரும் சார்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கடையில."

கிரேன் ஓட்டுகிறேன், தினமும் வருகிறது, வந்தால் கண் தெரிவதில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? டாக்டர் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார். வருஷாவருஷம் வாங்குகிற உடல்தகுதிச் சான்றிதழ் போய்விடும். பிறகு ஏணியில் கால் வைக்க முடியாது. ஆகவே மென்று முழுங்கினான். உள்ளதைச் சொல்லாதவனுக்கு எந்த டாக்டர் உள்ளதைக் கண்டுபிடிப்பார்?

இந்த வருஷம் பிடுங்கப் பல் இல்லை, அறுக்க மூக்கு இல்லை. ஏழு வாரமாக ஒருநாள் தப்பாமல் வந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பதினொன்று நாலுக்கே வந்துவிட்டது. கம்பிக்கட்டு அந்தரத்தில், மச்சான் அடியில். வலது கண் மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவனுக்குத் தூரம் பிடிபடாது. "நில்லு நில்லு நில்லு மாப்ளே!" என்று மச்சான் கத்தியது கேட்டது. இறங்கிய கட்டு அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் மோதிச் சிதறியது.

சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கியவன் நேரே மச்சானிடம் போனான். மச்சான் ஒன்றும் நடக்காததுபோல டீயை நீட்டினார்.

"கொஞ்சம் வேகமா வந்துடுச்சு. அவ்வளவுதான். தங்கச்சிகிட்ட சொல்லித் தொலைக்காத."

"மச்சான், நான் இறங்கிடட்டுமா?"

"இறங்கி? என் தலைமேல உக்காருவியா? இன்னும் கொஞ்ச நாள்ல அதுவே போயிடும், எல்லா வருஷமும் போகலையா? கண்ண மூடி நாப்பது நிமிஷம் சாஞ்சுக்க. நான் பாத்துக்கறேன்."

மச்சான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். மாப்பிள்ளை மேலே கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறான், தலை வலிக்கிறது, பாவம். வாக்கி டாக்கி அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். எல்லோரும் மேடம் என்றார்கள். முன்னால் இருந்தவர் பதிவேட்டில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிற ரகம். இவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ரகம். எந்த ஊரில் காற்று தினமும் பதினொன்று பத்துக்கு வந்து பதினொன்று ஐம்பதுக்குப் போகும் என்று அவருக்குச் சந்தேகம். பழைய காற்றுமானி கெட்டுவிட்டது என்று நினைத்து, அளவைத் தானே பதிந்து வைத்துக்கொள்கிற புதிய கருவியை, ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது, கிரேன் உச்சியில் மாட்டச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கருவியின் கணக்கையும் மச்சானின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் அச்சடித்தார். பதிவேட்டில் புயல், கருவியில் விசிறிக் காற்று. மச்சானைக் கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

"இது என்ன?"

மச்சான் தாளைப் பார்த்தார்.

"நான்தான் மேடம். மேல இருக்கறவன் சொன்ன அளவை நான்தான் ஏத்தி எழுதினேன். டீ குடிக்க."

"நாப்பது நிமிஷம் டீயா?"

"ரெண்டு டீ மேடம்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்ப் பதிவு எழுதிய சிக்னல்காரரின் அனுமதி அட்டையைப் பிடுங்கிவிட்டால் எந்த வேலைத்தளத்திலும் உள்ளே விடமாட்டார்கள். மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது. நாளை காலை பத்தரைக்கு விசாரணை, இருவரும் வரவேண்டும் என்று சொல்லி, தாளின் நகலைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

ஆகாசத்தின் மனைவி பஸ் கண்டக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, மேஜைமேல் கிடந்த தாளை எடுத்தாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் பேயறைந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாழ்நாள் முழுக்க நேர அட்டவணைகளைப் படித்தவள். விரலை வைத்து ஒரு வரிசை இறங்கினாள்.

"பதினொண்ணு பத்து. பதினொண்ணு பன்னெண்டு. பதினொண்ணு எட்டு. என் பஸ்ஸே இவ்வளவு கரெக்டா வராது. என்னது இது?"

தாளைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பதினொண்ணு பத்துக்கு நீங்க பாத்ரூமுக்குள்ள போவீங்க. முக்கா மணி நேரம் குழாய் ஓடும். வெளிய வந்தா ஒரு கண்ணு மட்டும் செவந்திருக்கும். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேற யாரையோ நெனச்சு அழறீங்கன்னு நெனச்சேன். அதையும் ஒத்தக் கண்ணால அழுது மிச்சம் பிடிக்கறீங்களேன்னு நெனச்சேன்." விரலால் தாளைத் தட்டினாள். "தலவலி வாரத்துல ஒரு நாள்னு சொன்னீங்க. இது தெனமும். தெனமும் அந்த உயரத்துல!"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

"சின்ன வலிதான்மா. கண்ண மூடிக்குவான்."

"நீ கொக்கிக்குக் கீழ நிக்கற ஆளு அண்ணே! இவரு கண்ண மூடிக்குவாரு, நீ கீழ நிப்ப. ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா? நான் யாருக்குன்னு அழறது? மேல இருக்கறவருக்கா, கீழ இருக்கறவனுக்கா?"

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள், கத்தாமல் சொன்னாள். "நாளைக்கு மேடம்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. எங்கண்ணன் அட்டை போகக் கூடாது. உங்க உயிரும் போகக் கூடாது. வேற எது போனாலும் போகட்டும்."

வேறு எது என்று அவள் சொல்லவில்லை. கூண்டுதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் பத்தரைக்குத் தளத்து அலுவலகத்தில் நாலு பேர் இருந்தார்கள். மேடம், மச்சான், ஆகாசம், பிறகு உடல்தகுதிக் கோப்போடு வந்திருந்த முதலுதவி அறை நர்ஸம்மா. தகரக் கூரை, ஒரு மின்விசிறி, ஓர் இரும்பு அலமாரி, சுவரில் கடிகாரம். ஆகாசம் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டான். வலி, நேரம், நாலு வருஷம், பல், மூக்கு, கண்ணாடி, எல்லாம். சொல்லி முடித்தபோது நெஞ்சு காலியாகி, கூண்டு கையைவிட்டுப் போயாகிவிட்டது என்று இருந்தது.

மேடம் பதில் சொல்வதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"பொய் மேடம். எனக்காகச் சொல்றான். என் தங்கச்சி புருஷன் இல்லையா, மனசு கேக்கல. அவன் கல்லு மாதிரி இருக்கான். நர்ஸம்மாவையே கேளுங்க."

நர்ஸம்மா கோப்பைப் புரட்டினார். நாலு வருஷமும் தகுதி, தகுதி, தகுதி, தகுதி. தலைவலி என்ற சொல்லே இல்லை.

"மச்சான், சும்மா இருங்க."

"நீ சும்மா இருடா. ரெண்டு டீ, அவ்வளவுதான் மேடம். அட்டையை எடுத்துக்கங்க."

ஒருவன் என் தலை என்கிறான், இன்னொருவர் என் டீ என்கிறார். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் யாரை நம்பறது? ஒரு ஆதாரம் காட்டுங்க."

ஆகாசம் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐம்பது.

"இருபது நிமிஷம் இருங்க மேடம். அதுவே வரும்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. நாலு வருஷமாக வராதே வராதே என்று கெஞ்சியவன், வா என்று உட்கார்ந்திருந்தான். மேடம் வேறு காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார். மச்சான் கூரையைப் பார்த்தார். பதினொன்று. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து.

ஒன்றும் இல்லை.

ஆகாசம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஜோராகக் காற்று போயிற்று. கண்ணைத் தேய்த்தான். காய்ந்து கிடந்தது. இத்தனை நாள் மணி அடித்ததுபோல வந்த சனியன், இன்றைக்குப் பார்த்துக் காலை வாருகிறதே! பதினொன்று பதினைந்து. வியர்த்துக் கொட்டியது. வந்துதொலை, வந்துதொலை என்று மனசுக்குள் கும்பிட்டான். ஒருவேளை இந்த வருஷத்துக்கு முடிந்துவிட்டதோ? நேற்றோடு கிளம்பிப் போய்விட்டதோ? எந்த மனிதனும் அந்த எண்ணத்துக்குக் கூத்தாடியிருப்பான். இவனுக்கு அழுகை முட்டியது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் மச்சான், மெதுவாக. "அவனுக்கு ஒண்ணுமில்ல. விட்டுடுங்க."

பதினொன்று இருபதுக்கு மேடம் எழுந்தார். "எனக்கு வேற வேலை இருக்கு. நான் எழுதிக் குடுத்துடறேன்."

"அஞ்சு நிமிஷம் மேடம். உங்க கால்ல விழறேன். அஞ்சே நிமிஷம்."

அவர் நின்றார். உட்காரவில்லை, ஆனால் நின்றார்.

மூன்றாவது நிமிஷத்தில் வலது மூக்கு அடைத்தது.

"வந்துடுச்சு," என்றான் ஆகாசம். முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், வந்துடுச்சு! மச்சான், பாருங்க, வந்துடுச்சு!" பரீட்சையில் தேறியவன் போலச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வலது இமை தொங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பிறகு சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

துண்டு இல்லை, வாயில் திணிக்க. ஆகவே நாலு வருஷமாக யாரும் கேட்காத சத்தம் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் கேட்டது. நாற்காலி கவிழ்ந்தது. அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான், முட்டி போட்டான், எழுந்தான், உள்ளங்கையால் கண்ணை உள்ளே அழுத்தினான். இரும்பு அலமாரி கண்ணில் பட்டது. அதன் விளிம்பில் பொட்டை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. அலமாரிமேல் இருந்த தலைக்கவசங்கள் உருண்டு விழுந்தன. மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மச்சான் நகரவில்லை. நகர முடியவில்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

நர்ஸம்மாதான் முதலில் சுதாரித்தார். ஓடிவந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இமையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். "தெனமும் இதே நேரமா? இதே பக்கமா? வருஷத்துல ரெண்டு மாசமா? அட கடவுளே, இது மூக்கும் இல்ல, பல்லும் இல்ல. இதுக்குன்னு தனியா பேரே இருக்கு, கொத்துத் தலைவலி. நான் ஆஸ்பத்திரியில ரெண்டு பேரைப் பாத்திருக்கேன்." சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது சக்கர வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. காதில் செல்போன், தோளால் பிடித்தபடி எந்த டாக்டரிடமோ பேசிக்கொண்டிருந்தார். முகமூடியை மாட்டினார், குமிழைத் திருகினார். "இழுங்க. நல்லா இழுங்க. எடுத்துடாதீங்க. நரம்பு டாக்டரைப் பாக்கணும், தலையை ஸ்கேன் எடுக்கணும். மாத்திரை இருக்கு, வராம தடுக்கவும் இருக்கு. கேக்குதா?"

கேட்டது. நம்பத்தான் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். பத்து நிமிஷம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டை விரல் கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. நாற்பது நிமிஷத்துக்குக் குறைந்து ஒருநாளும் விடாதது, பதினைந்து நிமிஷத்தில் விட்டது. வலியில்லாத தலையோடு அவன் அந்த அறையை முழுசாகப் பார்த்தான்.

பார்த்தவுடனே என்ன தோன்றியது தெரியுமா? நன்றி தோன்றவில்லை. மருந்து இருக்கிறது, அப்படியானால் கூண்டும் இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஒரு சிலிண்டரை மேலே ஏற்றிவிட்டால் போதும். பதினைந்து நிமிஷம். காற்று என்றுகூட எழுத வேண்டாம், டீ என்று எழுதலாம். மேடத்திடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். முகமூடியைக் கழற்றக் கையைத் தூக்கினான்.

மச்சானின் கை குறுக்கே வந்தது. எப்போது பக்கத்தில் வந்து மண்டியிட்டார் என்று தெரியவில்லை. அவர் கண்ணிரண்டும் கொட்டிக்கொண்டிருந்தன.

"மேடம், எழுதுங்க," என்றார்.

"என்ன எழுத?"

"இவன் சொன்னது அத்தனையும் நெசம்னு எழுதுங்க. எனக்கும் தெரியும்னு எழுதுங்க. டீயும் இல்ல, மண்ணும் இல்ல. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவன் ஏணியில கால் வைக்கக் கூடாதுன்னு எழுதுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

ஆகாசம் தலையை வேகமாக ஆட்டினான். வேண்டாம் மச்சான் என்று முகமூடிக்குள் கத்தினான். உள்ளே மூச்சின் ஆவி படிந்ததே தவிர, சத்தம் வெளியே வரவில்லை. கழற்றப் பார்த்தான். மச்சான் விடவில்லை. இரண்டு கையாலும் முகமூடியை அவன் முகத்தோடு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிச் சாஞ்சிருக்கன்னு நெனச்சேன்டா பாவி," என்றார். "நாலு வருஷம். தெனமும் நான்தானே ஏறு ஏறுன்னு உன்னை மேல அனுப்பினேன்."

மேடம் கீழே கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகாசம் திமிறினான், மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான், கண்ணால் கெஞ்சினான். அவர் அவன் கண்ணைப் பார்க்கவே இல்லை. மேடம் எழுதி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.